நிலம் வாங்குமுன் நிலப்படம் பார்ப்போம்

கிடங்கு கட்டவும் நெசவாளர் குடியிருப்பு அமைக்கவும் நம் சங்கங்கள் நிலம் வாங்குகின்றன. பட்டா, வில்லங்கச் சான்று, புலப்பட நகல் ஆகியவற்றை நிர்வாகக் குழுவினர் கவனமாகப் பார்க்கின்றனர். தணிக்கையின்போது நாமும் அவற்றையே கேட்கிறோம். ஆனால் அவை நிலம் யாருடையது, அதன் எல்லை எது என்பதைத்தான் சொல்லும். அந்நிலம் மேடா பள்ளமா, மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்கும் என்பதை அவை சொல்லமாட்டா.

மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய மனை நீர்வழியில் அமைந்துவிட்டால் நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும். கிடங்கில் நெல்லும் நூல் சிப்பமும் நனையும். தறிக்குழியில் ஊற்று சுரந்தால் மழைக்காலம் முடியும்வரை தறி ஓடாது, கூலியும் இராது.

இத்தகைய நஷ்டத்தைத் தவிர்க்க உதவுவது இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்கப் படம். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணியின் வழிவந்தது இது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கென்றே தனி வரிசைப் படங்களுக்கு வழிசெய்தது.

இதனைப் படிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. 1:50,000 அளவுப் படத்தில் 2 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். நீலம் நீர்நிலை, மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு குடியிருப்பும் சாலையும். பழுப்புக் கோடுகள் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை. அவை நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமதரை. மேட்டை நோக்கி ஆப்புப்போல் அவை கூர்ந்து வளைந்தால், அங்கே நீரோடும் பள்ளம் உண்டு.

ஊர்களின் அமைப்பும் ஒரு பாடமே. காவிரிப் படுகையில் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மேடுகளை ஒட்டி வீடுகள் வரிசையாக நிற்கும். கொங்குப் பகுதியில் கிணறும் தோட்டமுமாக அவை சிதறிக் கிடக்கும். ஏரிப் பாசன ஊரிலோ ஒரு மேட்டில் நெருங்கியிருக்க, தாழ்ந்த தரை பயிருக்கு விடப்பட்டிருக்கும். முன்னோர் வீடு கட்டாது விட்ட இடத்தில் நாம் கட்டப் புகுமுன், ஏன் விட்டனர் என்று கேட்பது கடமையாகும்.

"ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாததா?" என்று சிலர் வினவலாம். அவர்கள் சொல்லையும் கேட்கத்தான் வேண்டும். சமவெளியில் உயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுவதால், இரண்டு முழப் பள்ளம் படத்தில் தெரியாது. அதற்குப் பெரியவர்களின் நினைவும், தரைமட்டம் அளப்பவரின் கருவியும் துணை நிற்கும். ஆயினும் தலைமுறை மாறினால் நினைவு மறையும். சென்னையில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. இன்று அங்கே கடைக்குச் செல்வோரில் எத்தனை பேர் அந்த ஏரியை அறிவர்? பழைய படத்துக்கு அத்தகைய மறதி இல்லை. ஆகவே படத்தின் ஓரத்தில் உள்ள அளவை ஆண்டைக் கவனித்து, புதியதோடு பழையதையும் ஒப்பிட வேண்டும்.

நிலம் வாங்கும் தீர்மானம் பேரவைக்கு வரும்போது, இடவிளக்கப் படத்தில் மனையைக் குறித்து அங்கத்தினர்முன் விரித்து வைப்பது வழக்கமாக வேண்டும். அவர்கள் கூறுவதை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும். பங்குப் பணம் நெசவாளியும் உழவனும் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதை வெள்ளத்தில் விடலாகாது.