ஓய்வு யாருக்கு வளர்ந்தது?

நாடுகளின் வளர்ச்சியை வருமானத்தைக் கொண்டு ஒப்பிட்டுப் பழகிவிட்டோம். மக்கள் தமக்கென ஒதுக்க முடிகிற நேரமும் வளர்ச்சியின் அளவுகோல்தான். 1965-வாக்கில் அலெக்சாண்டர் சலாய் தலைமையில் 12 நாடுகளில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில் இந்தியா இடம்பெறவில்லை. தமிழகம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் 1998-99-இல் சோதனை ஆய்வு நடந்தது. நாடு தழுவிய ஆய்வுகள் 2019-லும் 2024-லும்தான் வந்தன.

அவற்றின்படி, 6 வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர், பண்பாடு, பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்குத் தரும் நேரம் நாளில் 9.9 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. அமெரிக்கரோ 5 மணி நேரத்துக்கும் மேல் ஓய்வில் கழிக்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி தொலைக்காட்சிக்கு. ஆனால், இவ்விரு கணக்குகளையும் அப்படியே அருகருகே வைக்கலாகாது. அங்கே உறவினருடன் உரையாடுவதும் ஓய்வில் சேரும். இங்கே அது தனி இனம். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் ஒருவர் செலவிடும் மாலைப்பொழுது, நம் கணக்கில் சமய, சமூகப் பங்கேற்பாகவே பதிவாகும்.

எனவே, நம்மை நம்மோடு ஒப்பிடுவதே பயன் தரும். 2019-இல் இத்தகைய செயல்களில் ஈடுபட்ட ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாக, 165 நிமிடங்கள் அளவில் செலவிட்டனர். 2024-இல் ஆண்களின் நேரம் 177 நிமிடங்கள், பெண்களுடையது 164. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் தருகிறார். ஆண் 88 நிமிடங்கள். ஓய்வின் வளர்ச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வேலையின்மையை ஓய்வென்று கொள்வதும் பிழை. ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் காரைக்கால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீனவருக்கு அப்போது நேரம் உண்டு, வருவாய் இல்லை. அவர் வீட்டுப் பெண்ணுக்கோ வருவாயும் குறைகிறது, நேரமும் கூடுவதில்லை. அடுப்படிக்குத் தடைக்காலம் கிடையாது.

ஓய்வு தானாக வருவதில்லை என்பதை இந்த மண்ணின் வரலாறே சொல்லும். 1936-இல் பிரான்சில் லெயோன் ப்ளூம் அரசு 40 மணி நேர வேலைவாரத்தையும், ஊதியத்துடன் இரு வார விடுப்பையும் சட்டமாக்கியது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலைப் போராட்டத்தில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலை கிட்டியது. 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த 12 மணி நேர வேலை மசோதா, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. ஆலைக்கு இப்படி ஒரு வரம்பு உண்டு. வீட்டுவேலைக்கு எந்தச் சட்டமும் வரம்பு கட்டவில்லை.

சட்டத்தால் இயலாததைப் பொதுச் செலவு செய்யலாம். குழந்தைகள் காப்பகம், முதியோர் பகல்நேரப் பராமரிப்பு, வீட்டுக்குள் வரும் குடிநீர் ஆகியவை பெண்ணின் நேரத்தை மீட்டுத் தருபவை. கடற்கரைச் சாலையின் விளக்கும், மாலையில் திறந்திருக்கும் நூலகமும் மீட்ட நேரத்துக்கு இடம் தருபவை. புதுச்சேரி அரசின் நிதிநிலை அறிக்கையில் நான் இவற்றைத்தான் முதலில் தேடுவேன். எஞ்சியது வீட்டு ஆண்களின் பொறுப்பு. அந்த 88 நிமிடங்கள் உயராமல் அந்த 164 நிமிடங்கள் உயரப்போவதில்லை.