புழுதியில் விதைக்கும் நம்பிக்கை

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வருகிற குடும்பங்களுக்கு மானாவாரி விவசாயத்தை நாங்கள் விளக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே காய்ந்த நிலத்தை உழுது, ஈரமில்லாத புழுதியில் விதையைப் போட்டு வைப்பது கரிசல் காட்டின் வழக்கம். மழை வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆயினும் விதைக்காத நிலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் களைதான் முளைக்கும். இதை நன்கறிந்த மக்களோடு, மருத்துவமனைப் படுக்கையில் உண்டாகும் மனமுறிவையும், அந்த வேளையில் கிறிஸ்தவ விசுவாசம் தருகிற நம்பிக்கையையும் குறித்துச் சில வார்த்தைகள் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் பணியாற்றுவது மறுவாழ்வு மருத்துவத் துறையில். மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் சிதைந்தவர்கள், இருசக்கர வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களில் பலர் நேற்றுவரை தம் உழைப்பால் ஒரு குடும்பத்தைத் தாங்கியவர்கள். அப்படிப்பட்ட ஒருவருடைய மனைவி ஒருநாள் வார்டு வாசலில் எங்களை நிறுத்தி, "ஐயா, நாங்க ஜெபம் பண்ணுனது பத்தலையா?" என்று கேட்டார். நலம் விசாரிக்க வந்த யாரோ ஒருவர், வீட்டில் விசுவாசம் குறைவுபட்டதால்தான் கால்கள் அசையவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்ட நாள்முதல் அந்த அம்மா சரியாகச் சாப்பிடாமல் உபவாசம் இருந்துவந்தார். கணவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் பலமும் அவரிடம் குறைந்துபோயிருந்தது.

வந்தவரைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடை திரும்பும் வாய்ப்பு மிகவும் குறைவு என்று அக்குடும்பத்திடம் நாங்கள் சொல்லியிருந்தோம். அது உண்மை, சொல்லியே ஆக வேண்டிய உண்மை. ஆனால் அன்றைய அவசரத்தில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டோம். அது உண்மையன்று. செய்வதற்கு மாதக்கணக்கில் வேலை இருந்தது. படுக்கைப்புண் வராமல் காக்க வேண்டும். சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டும். கைகளுக்கு வலுவேற்ற வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டு வாசற்படியைச் சரிவுப்பாதையாக மாற்றச் சொல்ல வேண்டும். வந்தவருடைய வார்த்தை அந்த அம்மாவின் மேல் குற்றத்தைச் சுமத்தியது. எங்களுடைய வார்த்தையோ அவர்முன் கதவையே சாத்தியது.

இவ்விரண்டுக்கும் நடுவில்தான் கிறிஸ்தவ நம்பிக்கையின் இடம் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறது. விசுவாசம் தேவனைச் சார்ந்து நிற்பது. நம்பிக்கை இன்னும் காணாத நன்மைக்காகப் பொறுமையோடு காத்திருப்பது. நாம் கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைக்கும் என்ற பொருள் இரண்டிலும் இல்லை.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருடையதும் அல்ல என்று இயேசு மறுத்ததை யோவான் எழுதிய சுவிசேஷத்தில் காண்கிறோம். நோயாளியின்மேல் பழிசுமத்தும் பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. தம் உடலில் முள்ளாய்த் தைத்த துன்பத்தை நீக்கும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார், அது நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் குறைவானது என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே தம் பாத்திரம் நீங்கவேண்டும் என்று வியாகுலப்பட்டு ஜெபித்தார். சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறினார். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் நிறைய உண்டு. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே நோயாளி அழுவதும், ஏன் என்று கேட்பதும், கோபப்படுவதும் அவிசுவாசம் என்று எண்ணவேண்டாம். வேதம் அவற்றை ஜெபமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இத்தகைய நம்பிக்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1925-இல் கேரளத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1954-ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு வாகன விபத்தில் முகத்தில் கடுங்காயமும் தண்டுவடச் சிதைவும் ஏற்பட்டன. இடுப்புக்குக் கீழ் உணர்வும் இயக்கமும் போயின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அவர் ஜெபிக்கும் பெண். அவருக்காக ஜெபித்தவர்களும் பலர். கால்கள் திரும்பவில்லை.

அந்நாட்களில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்திவந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால், மேரி அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் செயலிழந்த கைகளைச் சீராக்கினார். தம் கால்கள் செயலிழந்த பின்னர், பிறருடைய கைகள் செயல்பட உழைத்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1960-களின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பி அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986-இல் மறையும்வரை அவர் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். இன்று தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு நாங்கள் செய்கிற பணி, அவரைப் போன்றோர் அமைத்த பாதையில் நடப்பதே.

இவ்வரலாற்றில் நாங்கள் கவனிப்பவை மூன்று. முதலாவது, பலர் ஜெபித்தும் அவருடைய கால்கள் திரும்பவில்லை. இரண்டாவது, அவருடைய விசுவாசம் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் மாற்றாக நிற்கவில்லை. அவற்றை விடாமல் தொடரும் பலமாக இருந்தது. மூன்றாவது, ஒருவர் அருகில் வந்து, "உங்களால் இதைச் செய்ய முடியும்" என்று குறிப்பாக ஒரு வேலையைக் காட்டினார். மனமுறிவில் இருப்பவருக்குத் தேவனுடைய உதவி பல நேரங்களில் இப்படி ஒரு மனிதருடைய உருவில்தான் வருகிறது.

எனவே நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களிடம் சிலவற்றை வேண்டிக்கொள்கிறோம். ஜெபியுங்கள், ஜெபத்தோடு மருந்தையும் பயிற்சியையும் நிறுத்தாதிருங்கள். படுத்த நிலையில் இருப்பவரை 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் ஓர் ஆராதனையே. ஆலயத்துக்கு அழைத்துச் செல்ல முடியாவிட்டால், சபையாரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வருகிறவர்கள் நீண்ட அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. யோபுவின் நண்பர்கள் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த ஏழு நாட்கள்தான் அவர்கள் செய்த நல்ல காரியம். பேசத் தொடங்கிய பிறகே காயப்படுத்தினார்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பற்றின்மை, ஓயாத துக்கம் ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தாலோ, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் மனநல ஆலோசனையும் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். விசுவாசக் குறைவு என்று மறைக்கவும் வேண்டாம். வார்டில் உள்ள செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பின், அரசின் 104 அல்லது 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நோயாளியைத் தனியே விடாமல் அழைத்து வாருங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்தச் செய்தி மடலை வாசிப்போரில் பலர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை அறிவோம். எங்கள் வார்டில் விபூதி பூசிய நெற்றிகளும் தொழுகைத் தொப்பிகளும் சிலுவை அணிந்த கழுத்துகளும் அடுத்தடுத்த படுக்கைகளில் உண்டு. யாரையும் மாற்றும் நோக்கத்தில் இதை எழுதவில்லை. நாங்கள் எதைப் பற்றிக்கொண்டு இந்தப் பணியில் நிற்கிறோம் என்பதைச் சொன்னோம். உங்களைத் தாங்குகிற விசுவாசத்தை நீங்களும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள்.

வார்டு வாசலில் நின்ற அந்த அம்மாவுக்கு நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். "அம்மா, உங்க ஜெபத்துல ஒரு குறையும் இல்லை. நாங்க சொன்னதுலதான் குறை. நீங்க முதல்ல சாப்பிடுங்க. நாளைக்குக் காலைல அவரை உட்கார வைக்கப்போறோம், நீங்களும் பக்கத்துல நில்லுங்க" என்றோம். மறுநாள் இருவர் தாங்கிக்கொள்ள அவர் சில நிமிடங்கள் உட்கார்ந்தார். கால்கள் அசையவில்லை. ஆனால் பல நாட்களுக்குப் பின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஊர்ப்பக்கம் மழை உண்டா என்று மனைவியிடம் கேட்டார்.