செயலியோடு மருத்துவரும் வேண்டும்
அபின்வகைப் போதையிலிருந்து மீளச் சிகிச்சை பெறுவோரின் மன உளைச்சலுக்கும் குடிக்கும் கைபேசி வழி ஆதரவு, சிகிச்சையின் அங்கமாகவே தரப்பட வேண்டும். அந்தச் சிகிச்சைக்கான புப்ரெனார்பின் மருந்தை எடுப்பவர் மதுவும் அருந்தினால் மூச்சே அடங்கிவிடக்கூடும். தவிப்போ பல நேரங்களில் புறநோயாளிப் பிரிவு மூடிய பிறகே எழுகிறது. 2022இல் தொடங்கிய தேசிய மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவுபகலாகச் செயல்படுகிறது. 2024 அக்டோபரில் அதன் செயலியும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் பொது உதவி எண், சிகிச்சை தரும் மருத்துவருக்கு ஈடாகாது. தமிழ்நாட்டைவிட மலிவாக மது கிடைக்கும் புதுச்சேரியின் காரைக்காலில், உதவி எண்ணுக்கும் மருத்துவருக்கும் இடையிலான இந்த இடைவெளி ஆபத்தானது. அங்குள்ள மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கச் செல்வோருக்கோ சிக்னலே எட்டாது. அவர்களுக்குக் கரையில் ஆலோசகர்தான் வேண்டும். செயலியைக் காட்டி ஆலோசகர் பணியிடங்களைக் குறைப்பதை ஏற்க முடியாது. நோயாளியின் சம்மதத்தோடும் ரகசியக் காப்போடும் இந்தக் கைபேசி வழிச் சேவையைக் காரைக்கால் அரசு மருத்துவமனையின் சிகிச்சையுடன் புதுச்சேரி அரசு இணைக்க வேண்டும்.