கோர் சப்ஜெக்ட்: சுமையா, சோறா?

சேத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ, கிருஷ்ணன்கோவிலுக்கோ போய் எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு உபதேசம் இலவசமாகக் கிடைக்கிறது.

"டேட்டா ஸ்ட்ரக்சர், ஓ.எஸ்., கம்பைலர், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்... இதெல்லாம் பாஸ் பண்ணினா போதும்ப்பா. வேலைக்கு ஒண்ணும் உதவாது. வெளியில நல்லதா ஒரு கோர்ஸ் முடிச்சிரு."

சொல்பவர் சீனியராக இருக்கலாம், சித்தப்பா பையனாக இருக்கலாம், சமயத்தில் பாடம் நடத்துகிறவராகவே இருக்கலாம் (அதுதான் கொடுமை). இந்த உபதேசம் பொய். அதுவும் வசதி உள்ளவனை ஒன்றும் செய்யாமல், வேறு வழி இல்லாதவன் தலையில் மட்டும் இடியாக இறங்குகிற பொய். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

வாதம் 1: "எல்லாம் அரதப் பழசு"

பழசுதான். டைக்ஸ்ட்ரா குறுகிய வழி கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டது 1959-ல். டோனி ஹோர் குவிக்சார்ட்டை வெளியிட்டது 1961-ல். எட்கர் காட் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அஸ்திவாரம் போட்ட கட்டுரை வந்தது 1970-ல். இன்றைக்கு வங்கிக் கணக்கு ஓடுவதும், மேப்பில் மதுரைக்கு வழி கேட்டால் பதில் வருவதும் இந்தப் பழசுகளின் பிள்ளை, பேரன்களை வைத்துத்தான்.

சரி, "புதுசு" என்று சொல்லிக் காசு வாங்கியவை என்ன ஆயின? விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல். அதில் புரோகிராம் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு மூடுவிழா கண்டது. இவற்றுக்குக் கோர்ஸ் முடித்து வாங்கிய சர்டிபிகேட்டுகள் எத்தனை வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் தூங்குகின்றனவோ! கோர்ஸ் படிப்பது தப்பில்லை. ஆனால் கருவி மாறும், அடியில் இருக்கிற கணக்கு மாறாது. மாறுவதை நம்பி மாறாததை விடு என்று சொல்வதுதான் தப்பு.

வாதம் 2: "வேலையில் இதை யார் கேட்கிறார்கள்?"

யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். பிரச்சினையாக வந்து நிற்கும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தில் இருந்து சென்னைக்கு ஸ்லீப்பர் தட்கல். காலை 11 மணிக்குத் திறக்கிறது. கடைசி பெர்த் ஒன்று, அதற்கு ஒரே நொடியில் இரண்டு பேர் கிளிக் பண்ணுகிறார்கள். இரண்டு பேருக்கும் அதே பெர்த் போகாமல் தடுப்பது டி.பி.எம்.எஸ். பாடத்தில் வருகிற லாக்கிங். பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்றால் "ஒன்று முழுசாக நடக்க வேண்டும், இல்லை நடக்காத மாதிரியே ஆக வேண்டும்" என்கிற டிரான்சாக்ஷன் பாடத்தின் முதல் விதி அங்கே பாதியில் தொங்குகிறது. பணம் பிறகு திரும்பி வருகிறதே, அது தொங்கியதை எடுத்துக் கட்டுகிற வேலை. பரீட்சையில் இதே சங்கதி நாலு ஆங்கில எழுத்தாக, ரெண்டு மார்க்காகக் கேட்கப்படுகிறது. மனப்பாடம் பண்ணினவனுக்கு அந்த நாலு எழுத்து தெரியும், பொதிகை தெரியாது.

இன்னொன்று. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷத்துப் பில் ஒரு லட்சம், வந்த பணத்தின் கணக்கு ஒரு லட்சம் வரி. எந்தப் பில்லுக்குப் பணம் வரவில்லை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பில்லையும் எல்லா வரியோடும் ஒப்பிட்டால் 1000 கோடி ஒப்பீடு. வினாடிக்கு ஒரு கோடி வீதம் போனாலும் ஏறக்குறைய 17 நிமிஷம். இரண்டையும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிட்டால் மொத்தமே சுமார் 36 லட்சம்தான். அரை வினாடிக்குள் முடிந்துவிடும். அதே கம்ப்யூட்டர், அதே மொழி. வித்தியாசம் அல்காரிதம் வகுப்பில் தூங்காமல் இருந்ததுதான் :)

தமிழிலேயே ஒரு உதாரணம் வேண்டுமா? "சேத்தூர்" என்று எழுதினால் கண்ணுக்கு நாலு எழுத்து. யுனிகோடில் அது எட்டுக் குறியீடு, காரணம் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். நீளம் கேட்டால் சி 24 என்று சொல்லும், ஜாவா 8 என்று சொல்லும், தமிழ் வாத்தியார் 4 என்பார். முதல் செமஸ்டரில் போடுகிற "சொல்லைத் திருப்பிப் போடு" புரோகிராமை ஜாவாவில் எழுதி இந்தப் பெயரைக் கொடுத்தால் புள்ளியில் ஆரம்பிக்கிற ஒரு அதிசய வார்த்தை வெளியே வரும். ஏன் என்று புரிய மெமரியும் என்கோடிங்கும் தெரிய வேண்டும். "படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக" என்பது மாதிரி ஒட்டு மேல் ஒட்டாக வளர்கிற தமிழ்ச் சொற்களைப் பிரித்துத் தேடவோ, பிழை திருத்தவோ கருவி செய்ய வேண்டுமானால், எல்லோரும் கரித்துக்கொட்டுகிற ஃபைனைட் ஆட்டோமேட்டாவிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

வாதம் 3: "சோஹோவில் ப்ளஸ் டூ முடித்தவர்களையே எடுக்கிறார்களே?"

சேத்தூரில் இருந்து தெற்கே போனால் தென்காசி, அங்கே பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ. அதனால் இந்தப் பக்கத்தில் அதிகம் அடிபடுகிற வாதம் இதுதான். 2005-ல் தொடங்கிய சோஹோ ஸ்கூல்ஸ் பற்றிய செய்தியைப் பாதி மட்டும் படித்ததால் வருகிற வாதம். அங்கே சேருகிற பிள்ளைகளை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவதில்லை. உதவித்தொகை கொடுத்து, அடிப்படையில் இருந்து சொல்லிக்கொடுத்து, செய்ய வைத்துப் பழக்கிய பிறகுதான் வேலை. இது பட்டம் தேவையில்லை என்பதற்கு வேண்டுமானால் சாட்சி, அடிப்படை தேவையில்லை என்பதற்கு இல்லை. 2023-ல் "உலா" என்று சொந்தமாக பிரவுசர் வெளியிட்ட கம்பெனிக்கு நெட்வொர்க்கும் மெமரி மேலாண்மையும் தெரியாத ஆள் எதற்கு?

வாதம் 4: "இனிமேல் ஏ.ஐ.யே கோடு எழுதிவிடும்"

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததில் இருந்து இதுதான் லேட்டஸ்ட் சாக்கு. எழுதும், மறுப்பில்லை. ஆனால் அது எழுதிக் கொடுத்தது 100 வரிக்கு ஓடி, ஒரு லட்சம் வரிக்குத் தொங்கினால் கண்டுபிடிப்பது யார்? எழுதத் தெரிந்தவனைவிட சரி பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி மரியாதை. இந்த ஏ.ஐ.க்கு அடியில் இருக்கிற, 2017-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பிலேயே, உள்ளே போகிற வாக்கியத்தின் நீளம் இரண்டு மடங்கானால் அட்டென்ஷன் கணக்கு நாலு மடங்காகிறது. இதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூட அந்த "உதவாத" அல்காரிதம் வகுப்புதான் வேண்டும்.

அப்படியானால் குற்றம் யார் மேல்?

பாடத்தின் மேல் இல்லை, அதைக் கொன்று பரிமாறுகிற முறையின் மேல். அஞ்சு யூனிட், யூனிட்டுக்கு ஒரு பெரிய கேள்வி, அதற்கு ஒரு "அல்லது", போன அஞ்சு வருஷக் கேள்வித்தாள், ஜெராக்ஸ் கடை. பேங்கர்ஸ் அல்காரிதத்தை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுத் தீர்த்துவிட்டு, இரண்டு புரோகிராம் ஒன்றையொன்று எதிர்பார்த்துத் தொங்குவதை வாழ்நாளில் ஒரு தடவைகூடத் திரையில் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் பைண்டிங் உட்பட வாங்கிவிடலாம்.

இதில் 2020-21 கல்வியாண்டில் இருந்து ஏ.ஐ.சி.டி.இ. மூன்று வருஷ எம்.சி.ஏ.வை இரண்டு வருஷமாக்கிவிட்டது. ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம் என்பது நிஜம். மில்லுக்கும் வயலுக்கும் போகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. பி.சி.ஏ. முடித்து வருகிறவர்களுக்கு நஷ்டமும் பெரிதாக இல்லை. ஆனால் பி.எஸ்சி. கணிதமோ பி.காமோ முடித்துவிட்டு வருகிற பிள்ளை? முன்பு முதல் வருஷம் முழுக்க நிதானமாகப் பழகியதை இப்போது பிரிட்ஜ் கோர்ஸ் என்ற பெயரில் அவசர அவசரமாக விழுங்க வேண்டும். நாலு செமஸ்டரில் கடைசி ப்ராஜெக்டுக்குப் போனால் மிச்சம் மூன்று. அதற்குள் ஓ.எஸ்., நெட்வொர்க், டி.பி.எம்.எஸ்., அல்காரிதம் எல்லாம். இந்த நெருக்கடியில் வாசலில் பேனர் வைக்க உதவுகிற பாடத்துக்கு இடம் கிடைக்கும், கோர் சப்ஜெக்ட்தான் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

பெருநகரத்துப் பிள்ளைக்கு இதைச் சமாளிக்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் பொட்டி தட்டுகிற அண்ணன் ஒருத்தராவது பக்கத்துத் தெருவில் இருப்பார். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு அந்த வகுப்பறையும் லேபும்தான் எல்லாம். "என்.பி.டி.இ.எல். வீடியோ சும்மாவே கிடைக்கிறதே" என்பார்கள். 2003-ல் தொடங்கிய அருமையான திட்டம்தான். ஆனால் வீடியோவில் வருகிற பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து "உன் புரோகிராம் ஏன் தொங்குது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்க மாட்டார்.

செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய காரியம் இல்லை:

1) ஒவ்வொரு கோர் சப்ஜெக்டுக்கும் லேப். ஓ.எஸ். என்றால் லினக்ஸில் டெட்லாக்கை வரவழைத்துப் பார்க்க வேண்டும், கம்பைலர் என்றால் குட்டியாக ஒன்று எழுதிப் பார்க்க வேண்டும்.

2) ஒவ்வொரு தேர்விலும் எந்தக் கொஸ்டின் பேங்கிலும் இல்லாத ஒரு கணக்கு. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினாலும் சரி.

3) ப்ராஜெக்ட் உள்ளூரில் இருந்து. பால்கோவா கடைக் கணக்கு, நூல் மில் ஷிஃப்ட் பட்டியல், பேண்டேஜ் கம்பெனி ஸ்டாக். எழுதினவன் முன்னால் உட்கார்ந்து, ஒரு வரியை மாற்றி ஓட்டிக் காட்ட வேண்டும்.

கல்லூரி இதைச் செய்கிற வரை காத்திருக்கவும் வேண்டாம். நாலு பேர் சேர்ந்தால் இலவச லினக்ஸும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் போதும், முதல் இரண்டையும் விடுதி அறையிலேயே ஆரம்பிக்கலாம்.

கோர் சப்ஜெக்ட் சுமை என்று சொல்லிக்கொண்டு அடுத்த தடவை யாராவது வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க படிச்ச கோர்ஸ் இப்ப உயிரோட இருக்கா அண்ணே?"