ஆற்றுப்படுத்தலும் ஒரு தொழிலே

திட்டம் வகுத்தலில் இயல்பாகவே இன்பங் காண்பார் எவ்விடத்தும் சிலர் உளர். நம் விடுதியிலும் அத்தகையார் இலரல்லர். விடுமுறைக்கு இரண்டு திங்கள் இருக்கும்போதே வண்டிகளின் கால அட்டவணையை முன்வைத்துக்கொண்டு, எந்நிலையத்தில் இறங்கி மாறுவது, இடையே உண்பதற்கு எத்துணை நேரங் கிடைக்கும், மழை பிடித்துக்கொண்டால் மாற்று வழி யாது என்று குறித்துக்கொண்டிருப்பர். உடன் பயில்வோர் அவரை நகையாடுவர். ஆயினும் சுற்றுலாவுக்குப் புறப்படும் நாளில் அனைவரும் அவர் பின்னேதான் செல்வர். இவ்விருப்பத்தை வீண் பொழுதுபோக்கென்று தள்ளிவிடாது, பிறர்க்குப் பயண நிரல் வகுத்துக் கொடுத்து ஊதியம் பெறும் தொழிலாகக் கொள்ளலாமென்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது. தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று திருமண வீடுகளில் உறவினர் வினவும் வினாவுக்கு விடை தேடும் எம்மனோர்க்கு இது விளையாட்டுப் பேச்சன்று.

இத்தொழில் மேனாட்டாரிடமிருந்து வந்ததென்பர் பலர். பத்துப்பாட்டைப் பயின்றோர் அங்ஙனம் உரையார். அதனுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படையே. வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீள்வான், வறுமையொடு எதிர்வரும் மற்றொருவனுக்குச் செல்லும் வழியையும், தங்கும் ஊரையும், ஆண்டுக் கிடைக்கும் உணவையும் எடுத்துரைப்பது அதன் இயல்பு. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்திற் சுட்ட மீனும், வேலூரிற் புளியிட்டுச் சமைத்த சோறும் ஆமானின் சுட்ட இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்குமென்று ஊர்தோறும் நிரல்படச் சொல்லப்படுகின்றது. மலைபடுகடாமோ இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. நன்னனது நாட்டுக்குப் போகுங் கூத்தர்க்கு வழியின் இனிமையோடு இடர்களையும் அப்பாட்டு மறையாது கூறும். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பாம்புகள் உறையும், பாறை வழுக்கும், தினைப்புனங் காப்போர் யானையை வெருட்ட எறியும் கவண்கல் மேலே விழக்கூடும் என்றெல்லாம் எச்சரிக்கின்றது. இக்காலத்துச் சுற்றுலா விளம்பரத் தாள்களில் இடர் கூறும் வரி ஒன்றேனுங் காண்டல் அரிது!

இவற்றால் யாம் பெறும் கருத்து ஒன்றுண்டு. ஆற்றுப்படுத்துவோன் தான் அவ்வழியை அறிந்து மீண்டவன். அவன் சொல்லுக்கு மதிப்பு வந்தது அதனாலேதான்.

மேனாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. தாமஸ் குக் என்பார் மரவேலை செய்து பிழைத்தவர். மதுவிலக்குப் பிரசாரத்தில் ஈடுபட்டவர். 1841 ஜூலை 5-ஆம் நாள், லெஸ்டர் நகரினின்று லஃபரோவுக்கு ஏறக்குறைய 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் இரயிலில் அழைத்துச்சென்றார். 1845-இல் லிவர்ப்பூலுக்குச் செல்லும் பயணத்தை ஊதியங் கருதி ஏற்படுத்தியபோது, முதலில் தாமே அவ்வழியே சென்று பார்த்துவந்து, பயணிகட்குக் கைந்நூலொன்றும் அச்சிட்டளித்தார். அடுத்த ஆண்டே கடனால் நொடிந்தார். பின்னர் எழுந்து, 1872-இல் ஒரு சிறு கூட்டத்தாரோடு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அதற்கு 222 நாட்கள் ஆயின. அவர் தொடங்கிய பிரிட்டானியக் கம்பெனி 178 ஆண்டுகள் நிலைத்திருந்து, 2019 செப்டம்பர் 23-இல் கடன் சுமை தாங்காது மூடப்பட்டது. அன்று அயல்நாடுகளில் இருந்த ஏறத்தாழ 1,50,000 பிரிட்டானியப் பயணிகளை அவ்வரசாங்கமே ஊர்கொண்டு சேர்க்க நேர்ந்தது.

விமானத்தையும் விடுதியையும் பிறர் முன்பணத்தையும் தன் தலைமேல் ஏற்றுக்கொள்வது ஒரு தொழில். வழியை ஆய்ந்து நிரல் வகுத்துக் கொடுத்து, அவ்வறிவுக்கு மட்டும் ஊதியம் பெறுவது மற்றொரு தொழில். முன்னதற்குப் பெரும் பொருள் வேண்டும். சரிந்தால் பலருடைய சேமிப்பும் உடன் சரியும். பின்னதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும், ஒரு கைப்பேசியும், பொறுமையும், நடக்கத் தயங்காத கால்களுமே. மாணவராயிருந்து தொடங்குவார் இதனையே தொடங்குக.

கைப்பேசியென்றவுடன் நண்பர் சிலர் புன்முறுவல் கொள்வதை அறிவோம். செயற்கை நுண்ணறிவை வினவினால் ஏழு நாளைய நிரல் ஒரு நொடியில் வந்துவிடுமே, அதற்கு ஒருவனுக்குக் கூலியும் உண்டோ என்பது அவர் தடை. தக்க தடைதான். வெறும் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதித் தருவோனுக்கு இனி யாரும் பணந் தாரார், தரவும் வேண்டா. ஆனால் முழங்கால் வலியுடைய எழுபது வயதுத் தாயாரைக் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்கு இரண்டு நாளில் அழைத்துச்செல்ல ஒரு மகன் விரும்புகிறானென்று கொள்வோம். அத்தலங்களிற் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணியளவிலேதான் திறக்கப்படும். இதனை மறந்து வகுத்த நிரல் பூட்டிய கதவின் முன்னே அவ்வம்மையாரை வெயிலில் நிறுத்திவிடும். திருநள்ளாறு காரைக்காலைச் சேர்ந்தது, புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டது, ஆதலின் வாடகை வண்டியின் அனுமதிச் சீட்டை முன்னரே நோக்கல் வேண்டும். சனிக்கிழமையில் அங்கே கூட்டம் மிகும். அந்நாளிலேயே தொழவேண்டுமென்பது அம்மையாரின் விருப்பமா, அன்றிக் கூட்டமில்லாத நாளே போதுமா என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். இவ்வொரு வினாவிலே தொழிலின் பாதி அடங்கியிருக்கின்றது. யாம் கிறிஸ்தவராயினும், வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் திருவிழாக் கூட்டத்தை அறிந்திருப்பது போலவே, நாகூரின் கந்தூரியையும் திருநள்ளாற்றின் சனிக்கிழமையையும் அறிந்திருத்தல் வேண்டும். மூன்றும் ஒரே கடற்கரைப் பகுதியில் அடுத்தடுத்தே உள்ளன.

திட்டப் பிரியர்க்கு இயல்பான குறையொன்றையும் சொல்லிவிடுவோம். அவர் தம் கால்களுக்கே திட்டம் வகுப்பர்! காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒன்பது இடங்களைக் கண்டு, நள்ளிரவில் விடுதி சேர்வது அவர்க்கு வெற்றியாகத் தோன்றும். மேட்டுப்பாளையத்தினின்று உதகமண்டலத்துக்கு 46 கிலோமீட்டர் தூரம். நீலகிரி மலை இரயில் அதனை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரங் கொள்ளும். பல்லிருப்புப் பாதையும் பள்ளத்தாக்கும் கண்டு மகிழ்வார்க்கு அவ்வைந்து மணியும் போதாது. கைக்குழந்தையோடு வருவார்க்கு அதுவே தண்டனையாகலாம். எவர்க்கு எதுவென்று தெளிதலே நிரல் வகுத்தலாகும்.

அறிந்தது பழையதாய்ப் போதலும் உண்டு. 120 நாளுக்கு முன்னரே இரயிலில் இடம் பதிவு செய்யலாமென்றிருந்த விதி 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியிற் செல்வார் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென்ற முறை, சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் அவ்வாண்டு மே 7-இல் தொடங்கியது. சென்ற ஆண்டு எழுதிய நிரலை இவ்வாண்டு மற்றொருவர்க்கு அப்படியே விற்பவன் பொய்ச்சான்று கூறுபவனே.

சட்டத்தின் எல்லையையும் அறிதல் நன்று. உரிமம் பெறாத ஒருவர் பிறர்க்கு இரயில் சீட்டு வாங்கிக் கொடுத்தலைத் தொழிலாக நடத்துதல், 1989-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றமாம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். அன்பின் மிகுதியால் தம் கணக்கிலேயே வாடிக்கையாளர்க்குச் சீட்டெடுத்துக் கூலி பெறும் இளைஞர் இதனை நினைவிற் கொள்க. எந்நாளில் எவ்வண்டியென்று எழுதிக் கொடுப்பதோடு நிற்றலே பாதுகாப்பு.

இனி ஊதியம். இங்கேதான் யாம் சற்றுக் கடுமையாகப் பேச விரும்புகின்றோம். பயணியிடம் கட்டணம் குறைவாகப் பெற்று, விடுதிக்காரரிடமும் பட்டுக் கடைக்காரரிடமும் தரகு பெறும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. அவ்வாறு பெறுவோன் எவனுடைய ஊழியன்? தரகு தரும் விடுதியே நல்ல விடுதியாக அவன் கண்ணுக்குத் தோன்றத் தொடங்கும். காஞ்சிபுரத்திலே கோயிலுக்கு முக்கால் மணியும் கடைக்கு இரண்டு மணியும் ஒதுக்கப்படுவது இதனாலேதான். தாம் ஏன் அக்கடைக்கு அழைத்துச்செல்லப்பட்டோம் என்பதைப் பயணி அறிவதேயில்லை. சங்கப் பாணன் கூலி வாங்காதே வழி சொன்னான்; நாம் வாங்குவதில் இழிவில்லை, உழைப்புக்கு விலையுண்டு. ஆனால் அவ்விலையைப் பயணியிடமே, முன்னரே எழுதிக்காட்டி, வெளிப்படையாகப் பெறுக. தரகு பெற்றே தீரவேண்டுமாயின் அதனையும் நிரலின் முதற்பக்கத்தில் எழுதுக. இப்படிச் செய்தால் யார் வருவாரென்று அஞ்சற்க. தொடக்கத்திற் சிலரே வருவர்.

தமிழ் மாணவர்க்கு இத்துறையில் தனியிடமும் உண்டு. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி, 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்ட கீழடி, கால்டுவெல் ஐயர் நெடுந்தொலைவு நடந்து வந்து பணிபுரிந்த இடையன்குடி, பாரதியார் பிறந்த எட்டயபுரம் ஆகியவற்றை உரிய விளக்கத்தோடு காட்டும் நிரலைக் கம்பெனிகளிற் காண்டல் அரிது. சிலப்பதிகாரமே புகார், மதுரை, வஞ்சியென மூன்று நகரங்களாற் பகுக்கப்பட்ட பயண நூலன்றோ! அவ்வழியைக் காட்ட வல்லவர் அந்நூலைக் கற்றவரே.

தமிழ்ச் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இது. அடுத்த பருவத்துக் கல்விச் சுற்றுலாவின் நிரலைக் கம்பெனியொன்றிடம் ஒப்படையாது, மாணவர் இருவரை முன்னதாக அனுப்பி வழியைப் பார்த்துவரச் செய்து, அவர் வகுத்த நிரலுக்குச் சிறு கட்டணமுங் கொடுப்பாராக. வெளியூர்களிற் பணிபுரியும் பழைய மாணவர்களும், தத்தம் ஊரில் நண்பகலில் அடைபடுவது எது, நல்லுணவு கிடைப்பது எங்கே, முதியோர் ஏற இயலாத படிகள் எத்தனை என்பனவற்றை அஞ்சலட்டை அளவில் எழுதியனுப்பினால், அவற்றைத் தொகுத்துவைக்கும் பொறுப்பை யாமே ஏற்போம்.