எட்மன்டனில் மாலை ஆறு... இங்கே விடியற்காலை ஐந்தரை!

இந்த ஜூன் மாதத்தில் ஏழு நாள் காலை ஐந்தரை மணிக்கு நானாக எழுந்தேன். எங்கள் வீட்டில் இது பிரேக்கிங் நியூஸ். பொங்கலுக்கே ஏழு மணிக்கு முன்னால் கண் திறக்காதவள், போனைப் பிடித்துக்கொண்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வராதா? "யாருடி அந்தப் பையன்?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

பையன் இல்லை, ஹாக்கி.

ஆபீஸில் இதைச் சொன்னபோது சீனியர் ஒருவர், "ஒலிம்பிக்ஸுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கேம்மா" என்றார். ஹாக்கி என்றால் நமக்கு தன்ராஜ் பிள்ளைதான். போன ஆகஸ்ட்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் மலேசியாவை 4-3 என்று இந்தியா ஜெயித்ததே, அந்த ஹாக்கிதான். நான் பார்த்தது ஐஸ் ஹாக்கி. பனித்தரை, காலில் பிளேடு வைத்த ஷூ, பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு. அதை 'பக்' என்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணில் படாதாம். நான் பார்த்தது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வீடியோ காலில், இன்னொருத்தர் வீட்டு டி.வி-யை. பக் எங்கே இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்த வீடு என் பெரியம்மா மகளுடையது. திருச்சியில் நர்சிங் படித்தவள். போன வருஷம் கனடா போய், எட்மன்டனில் வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜூன் மாதம் ராத்திரி பத்து மணிக்குத்தான் அங்கே சூரியன் மறையும். ஜனவரியில் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிப் போகும். அந்த ஊருக்கு ஒரு டீம் உண்டு, எட்மன்டன் ஆயிலர்ஸ். நமக்கு சி.எஸ்.கே மாதிரி என்று சொல்லலாம். ஆனால் சி.எஸ்.கே அடிக்கடி ஜெயிக்கும். ஆயிலர்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1990-ல். கனடாதான் ஐஸ் ஹாக்கிக்குத் தாய்வீடு. ஆனால் 1993-ல் மான்ட்ரியல் ஜெயித்த பிறகு எந்தக் கனடா அணியும் ஸ்டான்லி கோப்பையைத் தொடவில்லை. எல்லாம் அமெரிக்க அணிகளுக்கே போனது.

அக்காவுக்கு ஹாக்கி பிடிக்க வைத்தது அந்த இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி. எண்பது தாண்டியவர். 1984-ல் ஊருக்கு முதல் கோப்பை வந்த நாளை நேற்று நடந்ததுபோலச் சொல்வாராம். மேட்ச் நடக்கும்போது மாத்திரை கொடுக்கப் போனால், "உட்கார், இந்த நிமிஷம் நகரக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொள்வாராம். நம்மூரில் நாம் நகர்ந்தால் விக்கெட் விழுமே, அதே கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரிக்குப் பிறகு அக்காவும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஜனவரியில் பெரியப்பா இறந்தார். வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அக்காவால் வர முடியவில்லை. லீவு, டிக்கெட், கடன் என்று எல்லாக் காரணமும் எனக்குத் தெரியும். தெரிந்தும், காரியம் முடிந்த அன்று ராத்திரி போனில், "ஒரு டிக்கெட் போட முடியலையாக்கா உன்னால?" என்று கேட்டுவிட்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு தம்ஸ்-அப், அவ்வளவுதான்.

ஏப்ரலில் திடீரென்று ஒரு போட்டோ வந்தது. கார் ஜன்னலில் ஆரஞ்சும் நீலமுமாகக் கொடி. கீழே, 'எங்க ஊர்ல திருவிழா ஆரம்பிச்சாச்சு' என்று ஒரு வரி. பிளே-ஆஃப் தொடங்கியிருந்தது.

பிளே-ஆஃப் என்றதும் ஐ.பி.எல் ஞாபகம் வருகிறதா? மே 26 அன்று சேப்பாக்கத்தில் ஹைதராபாத் 113 ரன்னுக்குச் சுருண்டது. கொல்கத்தா பத்தரை ஓவரில் முடித்துவிட்டது. ஒரே ராத்திரி, அழுதுவிட்டுத் தூங்கிவிடலாம். இங்கே அப்படி இல்லை. 16 அணிகள், நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டம். முதலில் நான்கு ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால் ஜூன் வரை இழுக்கும். தோற்ற மறுநாள் ஆபீஸ் போய்விட்டு, அதற்கு அடுத்த நாள் அதே எதிரியின் முகத்தில் மறுபடி விழிக்க வேண்டும். சீரியல் பார்ப்பவர்களுக்கு இந்த வேதனை சுலபமாகப் புரியும்.

ஆயிலர்ஸ் இறுதிச்சுற்றுக்கு வந்ததே பெரிய கதை. சீசன் தொடக்கத்தில் கடைசி இடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் கோச்சை மாற்றினார்கள். புதுசாக வந்த கிரிஸ் நோப்லாக்கின் கீழ், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை தொடர்ந்து 16 ஆட்டம் ஜெயித்தார்கள். இன்னும் ஒன்று ஜெயித்திருந்தால் லீக் சாதனையைச் சமன் செய்திருப்பார்கள். பிளே-ஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ், வான்கூவர், டல்லாஸ் என்று மூன்று அணிகளையும் தாண்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அக்காவிடமிருந்து ஸ்கோர் வந்தது. நான் இதயம் போட்டேன். பேச்சு மட்டும் இல்லை.

இறுதிச்சுற்றில் எதிரி ஃபுளோரிடா பாந்தர்ஸ். பனியே பெய்யாத ஊர். மைதானத்துக்குப் பக்கத்தில் முதலை வாழும் சதுப்பு நிலம். ரசிகர்கள் பிளாஸ்டிக் எலியைக் களத்தில் வீசுவார்கள். 1996 சீசனிலிருந்து அது அவர்கள் வழக்கம். இரண்டு ஊருக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஜூன் 9, ஞாயிறு காலை. இங்கே ஐந்தரை, அங்கே சனிக்கிழமை மாலை ஆறு. அக்காவே வீடியோ கால் போட்டாள். முகம் தெரியவில்லை, டி.வி மட்டும் தெரிந்தது. "பாரு" என்றாள். பார்த்தேன். ஃபுளோரிடாவின் கோல்கீப்பர் போப்ரோவ்ஸ்கி ஒரு சுவர். எங்கள் ஆட்கள் 32 முறை அடித்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 3-0. செவ்வாய்க்கிழமை 4-1. வெள்ளிக்கிழமை எட்மன்டனில் 4-3. மூன்றும் தோல்வி. 'எங்கள் ஆட்கள்' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். ஒரு வாரத்தில் அப்படி ஆகிவிட்டது.

0-3 என்ற நிலையிலிருந்து இறுதிச்சுற்றை ஜெயித்த அணி ஒன்றே ஒன்றுதான். 1942-ல் டொரான்டோ. அதைத் தேடிப் படித்துவிட்டு, 'சரி, முடிஞ்சுது' என்று நிம்மதியாக இருந்தேன். உண்மையாகவே நிம்மதிதான். நம்பிக்கை இல்லாவிட்டால் தூக்கம் நன்றாக வருகிறது.

ஜூன் 16 ஞாயிற்றுக்கிழமை, தந்தையர் தினம். டிஜிட்டல் டெஸ்க்கில் அந்த நாள் எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. போட்டோ கார்டு, நடிகர்களின் அப்பாக்கள், பத்து வாழ்த்து வாசகங்கள். அதையெல்லாம் வீட்டிலிருந்து தட்டிக்கொண்டிருக்கும்போது அக்காவின் கால். என் லேப்டாப்பில் என்ன திறந்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? 8-1! ஐந்து கோல் வாங்கியதும் அந்தச் சுவரையே வெளியே எடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அக்கா கத்திய கத்தில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். "என்னாச்சு அவளுக்கு?" "ஜெயிச்சுட்டாங்கம்மா." "யாரு, அவ ஊரா? நல்லா இருக்கட்டும்" என்று போனைப் பார்த்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஃபுளோரிடாவில் 5-3. கேப்டன் கானர் மெக்டேவிட் இரண்டு ஆட்டங்களிலும் நான்கு நான்கு புள்ளி. கோலுக்கும், கோல் போட உதவிய பாஸுக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி தருவார்கள். இறுதிச்சுற்றில் அடுத்தடுத்த ஆட்டங்களில் அப்படி யாரும் எடுத்ததில்லை. ஒரு கோலுக்கு அவர் எதிரணி ஆட்கள் நடுவே புகுந்து புறப்பட்டு, கோரி பெர்ரிக்குத் தள்ளிக் கொடுத்தார். அதை மட்டும் பதினைந்து முறை பார்த்திருப்பேன். பெர்ரியின் கதை வேறு. இதற்கு முன்னால் 2020, 2021, 2022 என்று மூன்று வருஷம் மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடி, மூன்று முறையும் இறுதிச்சுற்றில் தோற்றவர். பாவம் என்றால் இவர்தான் பாவம்.

சனிக்கிழமை எட்மன்டனில் 5-1. தொடர் 3-3. வீட்டில் ஜெயித்தால் அந்த ஊரில் 'லா பாம்பா' பாட்டு போடுவார்கள். காரணம், ஜோயி மாஸ். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். 1980-களில் ஆயிலர்ஸின் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி அழைத்துவந்து, வீரர்களின் உடைமாற்றும் அறையில் உதவியாளராகச் சேர்த்தார். பல வருஷம் அங்கேயே வேலை செய்து 2020-ல் இறந்தார். அவருக்குப் பிடித்த பாட்டு அது. அக்கா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் நாங்கள் பேசியது பூராவும் இதுதான். மெக்டேவிட், போப்ரோவ்ஸ்கி, எலி, லா பாம்பா. 'சாப்பிட்டியா' என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பேசினோம்.

ஏழாவது ஆட்டம், ஜூன் 25, செவ்வாய். அன்றைக்கு அக்காவுக்கு ராத்திரி பதினொன்று வரை டியூட்டி. போனைத் தொட முடியாது. பாட்டியோடு அங்கே பொது அறையில் பார்ப்பாள். இங்கே எனக்கு மார்னிங் ஷிஃப்ட். ஆறு மணிக்கு ஆப்கானிஸ்தான் - பங்களாதேஷ் உலகக் கோப்பை ஆட்டம், லைவ் அப்டேட் என் தலையில். ஒரு பக்கம் ரஷீத் கான், இன்னொரு பக்கம் போனில் வெறும் ஸ்கோர் ஆப். படமும் இல்லை, அக்காவின் கூச்சலும் இல்லை.

4 நிமிடம் 27 விநாடியில் ஃபுளோரிடா ஒரு கோல். 6.44-க்கு யன்மார்க் திருப்பி அடித்தார், 1-1. இரண்டாவது பகுதியில் ரைன்ஹார்ட், 2-1. அப்புறம் அந்த எண் மாறவே இல்லை. மூன்றாவது பகுதி முழுக்க 2-1 என்றே இருந்தது. ஆப்பை மூடித் திறந்தேன், நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். ஆப்கானிஸ்தான் விக்கெட் எடுத்ததை இரண்டு நிமிஷம் தாமதமாக ஏற்றி, குரூப்பில் திட்டு வாங்கினேன். கடைசியில் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு அடித்துப் பார்த்தார்கள். 2-1-ல் முடிந்தது. 1993-ல் தொடங்கிய ஃபுளோரிடா அணிக்கு அது முதல் கோப்பை.

மெக்டேவிட் இந்த பிளே-ஆஃபில் 42 புள்ளி எடுத்தார். அதில் 34 பாஸ்கள். ஒரு பிளே-ஆஃபில் அது சாதனை. தோற்ற அணியில் இருந்தும் சிறந்த வீரர் விருதை அவருக்கே கொடுத்தார்கள். அதை வாங்க அவர் களத்துக்குத் திரும்பி வரவில்லை. சிலர் அதைத் தப்பு என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களில் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அந்த நேரத்தில் யாராவது கையில் ஒரு கோப்பையைத் திணித்து, சிரிக்கச் சொன்னால் முடியுமா?

காலை பதினொன்றேகால் மணிக்கு அக்காவின் கால். ஆப்கானிஸ்தான் அரையிறுதிக்குப் போய், ஆபீஸே கொண்டாடிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாட்டி அழலடி. டி.வி-யை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, பால் கேட்டாங்க."

"நீ?"

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஜனவரியில, அப்பா ஆஸ்பத்திரியில இருந்த நாலு நாளும் நான் அவங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். இவங்க வரிசையா ஜெயிச்சிட்டே இருந்தாங்க. என்னால கத்தவும் முடியல, எழுந்து போகவும் முடியல" என்றாள்.

அப்புறம், இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். "கடைசியில அப்பா பக்கத்துல யாருடி இருந்தா?"

நான்தான் இருந்தேன். பெரியம்மா டீ குடிக்கக் கீழே போயிருந்தார். பெரியப்பா கண்ணை மூடியபடியே ரேடியோவை நிறுத்தச் சொன்னார். அங்கே ரேடியோவே இல்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. "டிக்கெட் பத்திக் கேட்டேன்ல, அது..." என்று நான் ஆரம்பித்தேன். "விடுடி" என்றாள்.

தலைத்திவசத்துக்கு ஜனவரியில் வருகிறாள். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். சீசன் நடுவில் வருகிறோமே என்றுதான் ஒரே கவலை. அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் ஜனவரியில் நம்மூர்க் கணக்குக்குக் காலை ஏழரை. திருச்சி வீட்டில் நெட் சரியாக இருக்காது, அதற்குள் மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.