பத்து மாதம் குமாஸ்தா. இரண்டு மாதம் சிப்பாய்!

பட்டாளத்தில் சேர்ந்தவர் என்றால், வருஷக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பிரியாத சிப்பாயும் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் அவர் ஆபீசில் கணக்கு எழுதுவார். அல்லது கடை நடத்துவார். இரண்டு மாதம் ராணுவ உடுப்பு அணிந்து துப்பாக்கி பிடிப்பார். பயிற்சி முடிந்ததும் பழைய வேலைக்கே திரும்பிவிடுவார்.

இவர்களுடைய படைக்குப் பிராந்திய ராணுவம் என்று பெயர். இதற்கான சட்டம் 1948-ல் வந்தது. 1949 அக்டோபர் 9-ந் தேதி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி இந்தப் படையைத் தொடங்கி வைத்தார். கோவையிலும் இதன் பட்டாளம் ஒன்று இருக்கிறது.

இப்படி ஒரு படை எதற்கு?

சண்டை இல்லாத காலத்தில் மிகப் பெரிய படையை வைத்துச் சம்பளம் கொடுப்பதென்றால் எந்த நாட்டுக்கும் செலவு தாங்காது. ஆபத்து வந்த பிறகு ஆள் தேடினாலோ, பழக்குவதற்கு நேரம் இராது. ஆகவே, முன்கூட்டியே பழக்கி, அவரவர் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேண்டும்போது கூப்பிடுகிறார்கள்.

அழைப்பு வந்தால்...

கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். 1962, 1965, 1971 யுத்தங்களில் இவர்கள் போனார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, இந்தப் படையினர் அனைவரையும் தேவைக்கேற்ப அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. 32 காலாட்படைப் பட்டாளங்களில் 14-ஐ முழு நேரப் பணியில் இறக்கவும் அனுமதித்தது.

அழைப்பு வந்தவர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி என்ன ஆகும்? அதில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டால், திரும்பி வந்ததும் அவர் எங்கே போவார்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் யார் கட்டுவது?

இதைச் சட்டமும் நினைத்துப் பார்த்திருக்கிறது. பணி முடிந்து வந்தவரை மீண்டும் பழைய வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. முதலாளி மறுத்தால் அதிகாரியிடம் முறையிடலாம். அவர் விசாரித்து, வேலை கொடுக்கும்படியோ நஷ்டஈடு கொடுக்கும்படியோ உத்தரவு போடலாம்.

ஆனால், வழக்காடி வாங்கிய வேலையில் நிம்மதி இருக்குமா? "வந்துவிட்டாயா அப்பா, உன் இடம் அப்படியே இருக்கிறது" என்று முதலாளி சொல்ல வேண்டும். அதுதான் அழகு.

ஓய்வுக்குப் பிறகும் உழைப்பு

முழு நேரச் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர்களும் இந்தப் படைக்கு வருகிறார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டியதால் மொட்டையாகிப் போன முசூரி மலையில் மரம் நட, 1982-ல் இதற்கென ஒரு பட்டாளம் அமைத்தார்கள். அதில் சேர்ந்தவர்கள் மாஜி ராணுவத்தினர். துப்பாக்கி பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. மலை மீண்டும் பச்சையாயிற்று.

இப்படி மரம் வளர்க்கும் பட்டாளம் ஒன்றில் சேர்ந்த மாஜி சிப்பாய் ஒருவர், பணிக்காலத்தில் நேர்ந்த விபத்தில் காலை இழந்தார். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டார். இந்தப் பட்டாளத்தாருக்கு அது கிடையாது என்றார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 2021 டிசம்பரில், அவருக்குப் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது.

நியாயமான தீர்ப்பு! ஆனால், காலை இழந்தவர் கோர்ட்டுப் படி ஏறித்தான் அதைப் பெற வேண்டியிருந்தது. அதுதான் வருத்தம்.

பகுதி நேரச் சிப்பாய் என்பதால் அவர் மேல் பாயும் குண்டு பாதி வேகத்தில் வருவதில்லை. அவர் மனைவியின் கவலையும் பாதியாகக் குறைவதில்லை. அப்படியிருக்க, அவருக்குச் செய்யும் மரியாதை மட்டும் ஏன் பாதியாக இருக்க வேண்டும்?

அழைத்த நேரத்தில் வருவது அவர் கடமை. திரும்பி வரும்போது அவருடைய நாற்காலி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஊரின் கடமை.